நல்ல டிவியில் உட்கார வைத்தவர்

கண்ணுகளா, போன ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில் நீங்கள் இரண்டு பேரும் கார் கேம் ஆடினீர்கள். புது டிவி. படம் எண்ணெய் ஊற்றிய மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. மாமாகூட, "பாத்தீங்களா மச்சான், ஒரு வெட்டு இல்ல, ஒரு குதி இல்ல" என்று பெருமைப்பட்டார். நான் ரிமோட்டை வாங்கி, செட்டிங்குக்குள் போய், துழாவித் துழாவி ஒன்றை அணைத்துவிட்டேன். உடனே படம் லேசாக வெட்டி வெட்டி ஓட ஆரம்பித்தது. தம்பி அழப் பார்த்தான். பாப்பா, நீ என்னை முறைத்து, "நல்லா இருந்ததை ஏனுப்பா கெடுத்தீங்க?" என்று கேட்டாய்.

மாமாவுக்கு முன்னால் சொல்ல முடியவில்லை. திரும்பி வரும்போது வண்டியிலும் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். நான் ஒன்பதாவதோடு நின்றவன். ஒற்று, புள்ளி எங்கேயாவது தப்பியிருந்தால் பாப்பா திருத்திக்கொண்டு தம்பிக்குப் படித்துக் காட்டு. ஒரு ஆளைப் பற்றிச் சொன்னால்தான் இது விளங்கும். அவர் பெயரை எழுத மாட்டேன். கெட்டவர் என்று பெயர் போட்டு எழுதினால், எழுதுகிறவன் நல்லவன் என்று ஆகிவிடும். இதில் நான் நல்லவன் இல்லை.

பஜாரில் இப்போது சாக்லேட் கடை இருக்கிறதே, நீங்கள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பீர்களே, அந்த இடத்தில்தான் அவருடைய கேம் கடை இருந்தது. பாப்பா அப்போது பிறக்கவே இல்லை. சேலத்திலிருந்து மலை ஏறி வந்து கடை போட்டார். பெரிய டிவி ஒன்று, சின்ன டிவி ஒன்று. இரண்டுக்கும் தனித்தனி கேம் பெட்டி, தனித்தனி ஸ்டீயரிங், காலுக்குப் பெடல். இரண்டு பெட்டியையும் ஒரு வயரால் இணைத்துவிட்டால் இரண்டு பேர் ஒரே ரோட்டில் ரேஸ் ஓட்டலாம். அந்த வயரை இழுத்தது நான்தான். லாட்ஜில் எலக்ட்ரீஷியன் வேலை, மத்தியான நேரத்தில் வெளி வேலை, அப்போதும் இப்படித்தான் எனக்கு.

அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. கடை வாசலில் ஒரு செவலை நாய் படுத்திருக்கும். அதையும் "சித்த நவுந்துக்குங்க" என்றுதான் சொல்வார். ஷட்டருக்கு வாரம் ஒரு முறை எண்ணெய் விடுவார். பஜாரிலேயே கத்தாத ஷட்டர் அது ஒன்றுதான். ஸ்டூல் கால்களுக்கு ரப்பர் மாட்டியிருப்பார். டீ டம்ளரை மேசையில் வைத்தால் வைத்த சத்தம் கேட்காது. "எனக்கு ஜெர்க்கே ஆவாதுங்க. வண்டியானாலும் சரி, மனுசனானாலும் சரி, ஜெர்க் இல்லாம போவணும்" என்பார். அது பேச்சுக்குச் சொன்னது இல்லை. மலை ஏறினால் அவருக்குக் குடலைப் புரட்டும். சேலத்துக்குப் போய் வந்தால் அரை நாள் படுத்துவிடுவார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும். பஸ்ஸில் முகர்ந்துகொள்ள எல்லோரும் வைத்திருப்பார்கள். அவர் கடையில் உட்கார்ந்துகொண்டே முகர்வார். சின்ன டிவியில் படம் வெட்டி வெட்டி ஓடும். அதில் ஒரு ரேஸ் ஓட்டி முடித்தால் அவருக்குத் தலை சுற்றும். கண்ணை மூடி, பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, இரண்டு நிமிடம் பேசாமல் இருப்பார்.

அப்படிப்பட்டவர் ஏன் சின்ன டிவியில் ஓட்டினார் என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்டார்கள். யார் அவரோடு ரேஸுக்கு வந்தாலும், பெரிய டிவிக்கு முன்னால் இருக்கும் மெத்தை நாற்காலியைத் துடைத்துப் போடுவார். "நல்ல டிவியில உக்காருங்க. விருந்தாளி நீங்க. எனக்கு இந்த ஓட்டையே போதுமுங்க." டிவிகள் முதுகோடு முதுகாக இருந்தன. ஒருவர் படம் இன்னொருவருக்குத் தெரியாது. பெரிய டிவியில் உட்கார்ந்தவர்கள் படத்தின் அழகைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். பிறகு தோற்பார்கள். தோற்றுவிட்டு, "நல்ல மனுசன்யா, நல்ல டிவியை நமக்கு விட்டுக் குடுத்தாரு" என்று சொல்லிக்கொண்டு போவார்கள்.

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் சின்ன டிவியில் படம் விட்டு விட்டு வருகிறது என்று கூப்பிட்டார். கோளாறு டிவியிலா, பெட்டியிலா என்று பார்க்க வேண்டும். ஒரே பெட்டியின் படத்தை இரண்டு டிவிக்கும் பிரித்துக் கொடுக்கும் சின்ன டப்பா ஒன்று லாட்ஜில் இருந்தது. அதைக் கொண்டுவந்து மாட்டினேன். பார்க்க வசதியாக இரண்டு டிவியையும் பக்கம் பக்கமாகத் திருப்பி வைத்தேன். அவர் டீ வாங்கப் போயிருந்தார். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்து இடது பக்கம் திருப்பினேன்.

சின்ன டிவியில் கார் திரும்பியது. பெரிய டிவியில் அதே கார் இன்னும் நேராகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு திரும்பியது.

கண்ணை ஒரு தடவை சிமிட்டும் நேரம்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் தெரியவே தெரியாது. நான் வயரை மாற்றினேன், டப்பாவைக் கழற்றி மறுபடி மாட்டினேன். அப்படியேதான் இருந்தது. திரும்பிப் பார்த்தால் அவர் இரண்டு டம்ளரோடு பின்னால் நிற்கிறார்.

"கண்டுபுடிச்சுட்டீங்களே" என்றார். கோபம் இல்லை. சந்தோஷமாகவே இருந்தார். டம்ளரைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, டீயில் விரலைத் தொட்டு மேசைமேல் இரண்டு புள்ளி வைத்தார்.

"பொட்டி நொடிக்கு முப்பது படம் அனுப்புதுங்க. இது ஒரு படம், இது அதுக்கு அடுத்த படம். நடுவுல ஒண்ணுமில்ல, அதனால வெட்டுது. இந்தப் பெரிய டிவி என்ன பண்ணுதுன்னா, நடுவுல தானா ஒரு படம் வரைஞ்சு சொருகிக்குது." இரண்டு புள்ளிக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று வைத்தார். "இப்ப வழுவழுன்னு ஓடுது பாருங்க."

"அப்ப ஏனுங்க லேட்டாவுது?"

"நடுப்படம் வரையணும்னா அடுத்த படம் என்னன்னு தெரியணுமில்லீங்க? அது வர்ற வரைக்கும் மொதப் படத்தைக் கையில புடிச்சுக்கிட்டு நிக்குது. சினிமா பாக்கறவனுக்கு அது ஒண்ணும் பண்ணாதுங்க. ஸ்டீயரிங் புடிச்சவனுக்குத்தான். அவன் பாக்கற ரோடு, போன ரோடு."

"அந்த நடுப்படம் நெசமில்லீங்களா?"

"ரெண்டு நெசத்துக்கு நடுவுல வெச்சா யாருக்குங்க தெரியும்?"

அந்த வசதியை ரிமோட்டில் அணைத்துவிடலாம் என்றும் சொன்னார். ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது, மெனுவுக்குள் தேடினால் அகப்படும். "ஆனா நான் அணைக்கறதில்லீங்க. வர்றவங்களுக்கு நல்ல படம் குடுக்கோணுமில்ல?" பிறகு டீயை என் கையில் கொடுத்து, "இது நமக்குள்ளயே இருக்கட்டுங்க" என்றார்.

பாப்பா, தம்பி, நான் அன்றைக்குச் சிரித்தேன். என்ன மூளை இந்த ஆளுக்கு என்று நினைத்தேன். அதற்குப் பிறகு மத்தியானத்தில் அந்தக் கடைக்குப் போவதே இதை வேடிக்கை பார்க்கத்தான். எல்லோரும் ஒரு பக்கத்தைப் பார்க்க, இரண்டு பக்கமும் தெரிந்தவனாக உட்கார்ந்திருப்பதில் ஒரு சுகம் இருந்தது.

கல்யாணமான புதிதில் ஒரு ஜோடி மதுரைப் பக்கத்திலிருந்து வந்தது. பையனுக்குக் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டாத குறை, அவ்வளவு பூரிப்பு. "மாப்ள நல்ல டிவியில உக்காரட்டும். அம்மிணி இந்த ஓட்டையில சும்மா ஓட்டிப் பாருங்க" என்றார் நம் ஆள். அந்தப் பெண் ஸ்டீயரிங்கைத் தொட்டதே இல்லையாம். மூன்று தடவையும் அவள் ஜெயித்தாள். முதல் தடவை பையன் சிரித்தான். இரண்டாவது தடவை, "இவ ஏதோ அமுக்கிட்டா" என்றான். மூன்றாவது தடவை நம் ஆள் மெதுவாக, "அட, ஊட்டுக்குப் போனதும் கார் சாவிய அம்மிணி கிட்டயே குடுத்துருங்க மாப்ள. உங்க உசுரும் பொழைக்கும்" என்றார். பையன் காது சிவந்துபோனது. எழுந்து திரும்பிப் பார்க்காமல் நடந்தான். அந்தப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு, என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் பின்னாலேயே ஓடினாள்.

"நானு என்ன பண்ணேனுங்க?" என்று என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "நல்ல டிவியத்தானே குடுத்தேன்."

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

இனி ஜீப்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். செம்மநத்தம் ரோட்டில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவர். ஐம்பது தாண்டியவர். காலையில் எஸ்டேட் வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிப்போவார், திரும்பும்போது காப்பி மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகள், காய்ச்சல் கண்டவர்கள் யாராக இருந்தாலும். அந்த ரோடு எவ்வளவு குறுகல் என்று உங்களுக்குத் தெரியும். மார்கழிப் பனியில் முன் பானெட்டே தெரியாதபோதும் அவர் பாட்டுப் பாடிக்கொண்டு போவார். முப்பது வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. "ரோடு என் கையில இருக்குதுங்க, கண்ணுல இல்ல" என்பார். வாய் மட்டும் சும்மா இருக்காது. யாரைப் பார்த்தாலும் ஒரு பெயர் வைப்பார். என்னைக் "கரண்டு தம்பி" என்பார். ஸ்டாண்டில் அவர் இருந்தால் சிரிப்புச் சத்தம் இருக்கும்.

கேம் கடைக்காரர் முதல் நாள் டிவிப் பெட்டிகளோடு மலை ஏறியது இவர் ஜீப்பில்தான். ஏதோ கிராக்கிக்காகச் சேலம் இறங்கிய வண்டி, திரும்பும்போது ஆள் ஏற்றியது. நானும் பின்னால் தொற்றிக்கொண்டு வந்தேன். பாதி வளைவு தாண்டியதும் கடைக்காரர் கவரை வாயில் வைத்து வாந்தி எடுத்தார். ஜீப்காரர் கண்ணாடியில் பார்த்தார்.

"ஏனுங்க, டிவிப் பொட்டி ரெண்டும் கம்முனு வருது. கொண்டாறவருதான் ரிப்பேராயிட்டாருங்க! கரண்டு தம்பி, உள்ளார வயர் எங்க அறுந்துச்சுன்னு பாருங்க!"

வண்டியே சிரித்தது. கடைக்காரரும் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "நல்லாச் சொன்னீங்கண்ணா" என்றார். இறங்கும்போது கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஒன்றரை வருடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஜீப்காரரைப் பார்க்கும்போதெல்லாம் "சாப்டீங்களாண்ணா" என்று விசாரிப்பார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்டாண்டில் எல்லா டிரைவர்களும் இருக்கும்போது போய், "அண்ணா, நம்ம கடையில மலை ரோடு கேம் ஒண்ணு வந்திருக்குது. உங்களை உட்டா அதை ஓட்ட ஆளில்ல. ஒரு ரேஸ் வாங்க" என்று அழைத்தார்.

கடை நிறைந்துவிட்டது. மெத்தை நாற்காலியைத் துடைத்தார். "நல்ல டிவியில உக்காருங்கண்ணா."

முதல் வளைவிலேயே ஜீப்காரர் சுவரில் மோதினார். இரண்டாவதிலும் மோதினார். அவர் கை சரியான நேரத்தில்தான் திரும்பியது. படம்தான் பிந்தி வந்தது. அதை அந்தக் கூட்டத்தில் அறிந்தவர்கள் இரண்டே பேர். ஐந்தாவது வளைவில் அவர் ஸ்டீயரிங்கை ஆட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ப்ளே இருக்குதுங்க" என்றார். நாம் திருப்பியும் சக்கரம் உடனே திரும்பாமல் கொஞ்சம் வெறுமனே ஆடினால் அதை டிரைவர்கள் ப்ளே என்பார்கள். எவ்வளவு கிட்டே வந்துவிட்டார் பாருங்கள்.

"அப்படீங்களாண்ணா? வேணும்னா இந்தச் சின்ன டிவிக்கு வர்றீங்களா?" என்றார் கடைக்காரர். குரலில் தேன் சொட்டியது. "பெரிய டிவியில தெரியாத வளைவு சின்னதுல தெரியுமுங்களா?"

டிரைவர்கள் ஓவென்று சிரித்தார்கள். ஜீப்காரர் அதற்கு மேல் இடம் மாறக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். நானும் சிரித்தேன். என்னையும் அவர் எத்தனை தடவை கேலி செய்திருக்கிறார், ஒரு நாள் வாங்கிக் கட்டிக்கொள்ளட்டுமே என்று இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு கடைக்காரர் அவர் தோளில் கை வைத்தார். "அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. உங்க கை லேட்டுங்க. கண்ணு பாத்து, மூளைக்குப் போயி, கைக்கு வந்து சேர நேரமாவுது. அம்பது தாண்டுனா எல்லாருக்கும் வர்றதுதான்."

"முப்பது வருசமா ஓட்டறனுங்க."

"அதைத்தானுங்க நானும் சொல்றேன். முப்பது வருசம் ஆச்சில்ல."

ஜீப்காரர் தன் கையைப் பார்த்தார். மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார். நான் சுருட்டிக்கொண்டிருந்த வயரை விட்டுவிட்டு வாயைத் திறந்திருக்கலாம்.

அடுத்த நாளும் வந்தார். அதற்கு அடுத்த நாளும் வந்தார். காலை டிரிப் முடித்து, மாலை டிரிப் வரைக்கும் சும்மா இருக்கும் நேரமெல்லாம் அந்த மெத்தை நாற்காலியில்தான். பாட்டு நின்றுபோனது. கடைக்காரர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பார்: "வளைவு வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்கண்ணா. ஒரு மூச்சு முன்னால திருப்புங்க. உங்க கை லேட்டு, அதனால நீங்க முந்திக்கோணும். ஆங், இப்படித்தான். ஒரு மூச்சு முன்னால." பெற்ற பிள்ளைக்குச் சொல்லித் தருவது போலச் சொல்வார். மூன்று மாதம். பாப்பா, நீ அதற்குள் பிறந்துவிட்டாய். உனக்கு மஞ்சள் காமாலை என்று சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அந்த ஜீப்பில்தான். விடிகாலைப் பனியில் நம்மை ஒரு குலுங்கல் இல்லாமல் இறக்கினார். அன்றைக்குக்கூட என்னிடம், "கரண்டு தம்பி, பயப்படாதீங்க, மெதுவாவே போறேன், கை முன்ன மாதிரி இல்ல" என்றார். நான் உன்னை மடியில் வைத்துக்கொண்டு, "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கண்ணா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஜெயித்தார். எல்லா வளைவிலும் ஒரு மூச்சு முந்தித் திருப்பினார், கார் அழகாக வளைந்து வளைந்து போனது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சின்னப் பையன் மாதிரி எழுந்து குதித்தார். "வந்துருச்சுங்க, கை வந்துருச்சுங்க!" எல்லோருக்கும் டீ சொன்னார். கடைக்காரர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே கை தட்டினார்.

திங்கட்கிழமை காலை, செம்மநத்தம் ரோட்டில், ஏழு பெண்களோடு போன ஜீப் ஒரு இடது வளைவில் ரோட்டை விட்டு இறங்கிச் சாய்ந்தது. ஒரு சில்வர் ஓக் மரம் பிடித்து நிறுத்தியது. மரம் இல்லாவிட்டால் கீழே காப்பிச் செடி வரைக்கும் உருண்டிருக்கும். ஒரு அம்மாவுக்கு முன்பல் இரண்டு போனது. இன்னொரு பெண்ணுக்கு வலது மணிக்கட்டு முறிந்து, அந்த வருடம் காப்பிப் பழம் பறிக்கப் போக முடியவில்லை. ஜீப்காரருக்கு ஒரு காயம் இல்லை.

பனி இருந்தது. ரோடு ஈரம். அந்தக் கேம் ஒன்றுதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அவர் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வளைவு இன்னும் வரலீங்க தம்பி. கை அதுக்கு முன்னாடியே போயிருச்சு."

கடைக்காரர் அந்த இடத்தில் இல்லை. விபத்தைப் பார்க்கவும் இல்லை. ஆனால் பஜாரில் அதை முழுசாகச் சொன்னவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை ஜீப்காரர் கடைக்கு வந்தது நிஜம். திங்கட்கிழமை வண்டி சாய்ந்தது நிஜம். நடுவில் இருந்ததை அவரே வரைந்து வைத்தார். "கை நடுங்குச்சுங்க, நானே பாத்தேன். ரெண்டு நாளா கண்ணுல தண்ணி ஊத்திக்கிட்டே இருந்தாரு. வண்டி எடுக்காதீங்கண்ணான்னு கெஞ்சுனேன், கேக்கல." ஒரு வெட்டு இல்லாமல், ஒரு குதி இல்லாமல் சொன்னார். கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். ஒரு வாரத்தில் ஸ்டாண்டில் ஜீப்காரருக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் பெயர் வைத்தவருக்கு ஊர் வைத்த பெயர்: லேட்டு.

"ஏனுங்க லேட்டு, டீ குடிச்சாச்சா, இல்ல இன்னும் கை வாய்க்கு வரலீங்களா?"

சேலத்தில் ஒரு டாக்டர் அவர் விரல்களுக்கு நடுவே ஸ்கேலை விட்டுப் பிடிக்கச் சொன்னாராம். டக்கென்று பிடித்தாராம். கையில் ஒன்றுமே இல்லை என்று டாக்டர் சொன்னதை ஸ்டாண்டில் வந்து சொன்னார். "ஸ்கேல் நேராத்தானே உளுவும் லேட்டு, அதுல வளைவு ஏது?" என்றான் ஒருவன். அவருமே டாக்டரை நம்பவில்லை. மூன்று மாதம் கண்ணால் பார்த்ததைத்தான் நம்பினார்.

பிறகு ஒரு நாள் லாட்ஜுக்கு என்னைத் தேடி வந்தார். நான் மோட்டார் ரூமில் இருந்தேன். வெளியிலேயே நின்றார்.

"கரண்டு தம்பி, நீங்க வயர் வேலை தெரிஞ்சவரு. ஒண்ணு கேக்கறேன், நெசத்தைச் சொல்லுங்க. அந்தப் பெரிய டிவியில ஏதாச்சும் கோளாறு இருந்துச்சுங்களா?"

கண்ணுகளா, அவர் கேட்ட கேள்வியை நன்றாகப் பாருங்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவருக்குக் கை திரும்பக் கிடைத்திருக்கும். ஆனால் ஆமாம் என்றால் அடுத்த கேள்வி, "உங்களுக்கு எப்ப இருந்து தெரியும்?" என்பது. அந்தப் பெண்ணின் மணிக்கட்டும் அந்த அம்மாவின் பல்லும் அதற்குள் இருந்தன. நான் ஸ்பானரைத் துடைத்தேன். ரொம்ப நேரம் துடைத்தேன்.

"இல்லீங்கண்ணா. அது நல்ல டிவிங்க" என்றேன்.

"அப்ப செரிங்க" என்றார். படியிறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அதற்கு முன்னால் அவர் அப்படி இறங்கி நான் பார்த்ததில்லை. ஜீப்பை மெக்கானிக் பட்டறையிலேயே விட்டுவிட்டு, கீழே சேலத்துப் பக்கம் ஏதோ குடோனுக்கு வாட்ச்மேனாகப் போய்விட்டார் என்றார்கள். மலைக்கு அவர் திரும்பி வரவே இல்லை.

ஜீப்காரர் போனதற்கு மறுநாள் நான் கேம் கடைக்குப் போனேன். கொஞ்சம் கோபத்தோடுதான் போனேன்.

"அது தப்புங்கண்ணா" என்றேன்.

"எதுங்க?"

"ஜீப்காரருக்கு நீங்க பண்ணது."

அவர் ஸ்டீயரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. "நானு என்ன பண்ணேனுங்க? தலைவலிக்கற டிவியில நான் உக்காந்தேன். நல்ல டிவியில அவரை உக்கார வெச்சேன். முந்தித் திருப்புனா ஜெயிக்கலாம்னு சொல்லிக் குடுத்தேன், ஜெயிச்சாரு. ரோட்டுல திருப்பச் சொன்னேனுங்களா?" பிறகு தலையை நிமிர்த்தி, எப்போதும் பேசும் அதே மெதுவான குரலில், "அவரு உங்க கிட்ட வந்து கேட்டாராமே. என்ன சொன்னீங்க?" என்றார்.

நான் குனிந்து, கீழே கிடந்த வயரை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தேன்.

"பாத்தீங்களா" என்றார். "உக்காருங்க. டீ சொல்றேன்."

நான் உட்காரவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. உட்கார்ந்தேன். டீயும் குடித்தேன்.

அடுத்த சீசனுக்குள் அவர் கடையைக் காலி செய்துவிட்டார். எங்கே போனார் என்று தெரியாது. போகும்போது செவலை நாய்க்கு இரண்டு பிஸ்கட் போட்டுவிட்டு, "போயிட்டு வர்றனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனதாக டீக்கடைக்காரர் சொன்னார். பஜாரில் இன்றைக்கும் அவரைப் பற்றிக் கேட்டால், நல்ல மனுஷன், தன்மையானவர், யாரையும் ஒரு சொல் கடிந்து பேசமாட்டார் என்பார்கள். அதில் பொய் இல்லை.

உங்கள் அம்மாவிடம்கூட நான் இதை முழுசாகச் சொன்னதில்லை. இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு டீ குடித்துவிட்டு நான் நேராக மெக்கானிக் பட்டறைக்குப் போனேன். மத்தியான வேளை, மெக்கானிக் சாப்பிடப் போயிருந்தார். அந்த ஜீப் முன் பக்கம் கல்லில் ஏற்றி நின்றது. இடது பக்கத் தகரம் நசுங்கியிருந்தது, மற்றபடி ஒன்றும் ஆகவில்லை. வண்டியிலாவது கொஞ்சம் ப்ளே இருக்காதா என்று டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். கதவில்லாத வண்டி. உடம்பை வெளியே சாய்த்து முன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே ஸ்டீயரிங்கை வலது பக்கம் திருப்பினேன். சக்கரம் திரும்பியது. இடது பக்கம் திருப்பினேன். திரும்பியது. மெதுவாகத் திருப்பினேன், வெடுக்கென்று திருப்பினேன். கை அசைந்த அந்த நொடியே சக்கரமும் அசைந்தது. மெக்கானிக் வரும் வரைக்கும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.